அரை அகப்பைக் கஞ்சியும் கறுப்புப் பினாயிலும்

மகனே, உனக்கும் மருமகள் ரிஸ்வானாவுக்கும் வாப்பாவின் சலாம். தாராவியிலிருந்து வாஷியில் இருக்கிற உனக்கு ஒரு போன் போட்டால் முடிகிற விஷயத்தை ஏன் இந்த மனுஷன் பெருநாள் மலரில் அச்சடித்து அனுப்புகிறார் என்று நீ நினைப்பாய். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். இந்த வருஷம் நம் ஜமாத்தின் மலர்க் குழுவில் இருக்கிற பையன்கள், தோல் பை தைக்கிற நம் கார்கானாவுக்கு வந்து, "பாய், பெருநாளும் வீட்டுச் சுத்தமும்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க, ஒங்கள விட்டா இத எழுத ஆளு கெடையாது" என்றார்கள். உனக்குத் தெரியும், நம் கல்லியில், இந்தச் சந்து முழுக்க, எனக்குப் பினாயில் பாய் என்று பெயர். ஒவ்வொரு பெருநாளுக்கும் ஜமாத் கூடத்தைக் கழுவிவிடுவது என் பொறுப்பு. இந்தப் பெயரை இருபது வருஷத்துக்கு மேலாக நான் மறுத்துப் பேசியதில்லை. இன்று மறுக்கப் போகிறேன். நீ தமிழில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தாய், கடைப் பலகை படிக்கிற மாதிரிதான் எழுத்துக் கூட்டுவாய் என்று தெரியும். ரிஸ்வானாவைப் படித்துச் சொல்லச் சொல்லாதே. மெதுவாக நீயே படி. நான் இருபத்து மூன்று வருஷம் தாமதித்தவன், நீ ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் குறைந்துவிடாது.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் ரிஸ்வானா எனக்குப் போன் செய்தாள். நீ ஆபீசில் இருந்த நேரம். கல்யாணமாகி வந்ததிலிருந்து உன் உம்மாவுக்குத்தான் போன் செய்வாள், எனக்கு என்றதும் எனக்குச் சந்தேகம். "மாமா, பெருநாளைக்கு எல்லாரும் நம்ம வீட்டுக்குத்தான் வர்றீங்க. வீடு சாஃப்பா இருக்கணும், அதனால பிஸ்தாவ டோம்பிவிலிக்கு எங்க உம்மா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு உங்க மகன் சொல்றாங்க. அனுப்புனா திரும்பக் கூட்டிட்டு வர விடுவாங்களான்னு எனக்கு டவுட்டா இருக்கு" என்றாள். பிஸ்தா அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வளர்க்கிற பூனை. அவள் பெட்டியோடும் பீரோவோடும் உன் வீட்டுக்கு வந்தது. நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அதற்குள் அவள் இன்னொன்று சொன்னாள். "அவங்க பிஸ்தாவ வெறுக்கல மாமா. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு தடவிக் குடுப்பாங்க. ஆனா ஒரு நாள்கூட கையால சாப்பாடு வச்சதில்ல. நான் ஊருக்குப் போனா பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டிய வைக்கச் சொல்றாங்க. ஏன்னு கேட்டா, 'என் கை ஆகாது, சின்ன வயசுல ஒரு பூனைய நான் சாப்பாடு குடுத்தே கொன்னுட்டேன்'ங்குறாங்க. நெசமா மாமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நெட்வொர்க் சரியில்லம்மா, அப்புறம் பேசுதேன்" என்று போனை வைத்துவிட்டேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. உன் உம்மா மேல் வீட்டுக்கு ஏறுகிற ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறாள். தலையை நிமிர்த்தாமல், "இன்னுமா வாய மூடிக்கிட்டு இருக்கப் போறீய?" என்று மட்டும் கேட்டாள்.  கேட்டுவிட்டு அடுத்த பூண்டை எடுத்தாள்.

முதலில் என்னிடம் கேட்ட சுத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிஸ்தாவை எங்கேயும் அனுப்ப வேண்டாம். பூனை இருக்கிற வீட்டில் முப்பது பேர் உட்கார்ந்து பெருநாள் சாப்பாடு சாப்பிடலாம், தொழலாம், புது வெள்ளைச் சட்டையோடு ஃபோட்டோவும் எடுக்கலாம். ஆனால் சுத்தத்தைப் பெருநாளைக்கு முந்தின நாள் தொடங்கினால் நடக்காது. இந்த மலர் உன் கைக்கு வரும்போது இருபது நோன்பு முடிந்திருக்கும். பத்து நாள் போதும். முதலில் பூனையைத் தினமும் சீவு. பால்கனியில் ஒரு பழைய துணியை விரித்து, அதன் மேல் உட்காரவைத்து, முடி விழுகிற திசையிலேயே சீப்பால் இழு. சீப்பில் வருகிற முடி சோபாவுக்கு வராது. இதைத் தவிர வேறு வித்தை கிடையாது. நீ வாங்கி வைத்திருக்கிறாயே, தட்டு மாதிரி வட்டமாக வீடெல்லாம் ஓடுகிற மெஷின், அதை நம்பி மட்டும் இருக்காதே. போன மாசம் நாங்கள் வந்திருந்தபோது பிஸ்தா அதன் மேல் உட்கார்ந்து ஹாலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அது வாந்தி எடுத்து வைத்து, நீங்கள் இரண்டு பேரும் ஆபீசில் இருந்து, அந்த மெஷின் தன் பாட்டுக்கு ஓடினால் வீடு என்ன கதியாகும் என்று யோசித்துப் பார்.

வறண்ட துடைப்பத்தால் பெருக்கினாலும் முடி பறந்து போய் வேறு இடத்தில் உட்காரும். ஈரத் துணியைப் பிழிந்து முதலில் ஒரு இழுப்பு, அதற்குப் பிறகு பெருக்கு. சோபாவுக்கும் மெத்தைக்கும் நம் கார்கானா ரப்பர் போதும். உனக்கு நினைவிருக்கும், தோலில் பிசுக்கென்று ஒட்டிக் காய்ந்த சொல்யூஷன் பசையைத் தேய்த்து எடுக்க ஒரு மஞ்சள் ரப்பர் கட்டி வைத்திருப்போம். சின்ன வயதில் அதைப் பென்சில் அழிக்கிற ரப்பர் என்று எடுத்துப் போய் நோட்டைக் கிழித்துக்கொண்டு வந்தாய். அதையே சோபா மேல் ஒரே பக்கமாக இழுத்தால் முடி திரிதிரியாகச் சுருண்டு வந்துவிடும். பை தைக்கிறவன் வீட்டில் பிறந்துவிட்டு முடி எடுக்கிற உருளையைக் கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறாய். இரண்டு கட்டி உம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். புதுத் துணிகளைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டு. தொப்பிகளையும்தான், மடித்து வைத்த தொப்பியைக் கண்டால் பூனைகளுக்கு அதில்தான் தூக்கம் வரும்.

அது வெளிக்குப் போகிற மண் தட்டைக் காலையும் மாலையும் அள்ளிவிடு. பெருநாள் வருகிறது, ஆட்கள் பார்ப்பார்கள் என்று தட்டை இடம் மாற்றி ஒளித்துவைக்காதே. பூனைக்குக் கோபம் வந்தால் அது காட்டுகிற இடம் கம்பளம்தான். எங்கேயாவது ஒண்ணுக்கு இருந்துவிட்டால் தேய்க்காதே. தேய்த்தால் உள்ளே இறங்கும். பழைய துணியை மடித்து வைத்து அழுத்தி ஒற்றி எடு. பிறகு தண்ணீர் ஊற்றி ஒற்று, மறுபடி ஊற்றி ஒற்று. பூனை நம் வீட்டுக்குள் வருவதற்குத் தடை இல்லை, ஆனால் அதன் மூத்திரம் பட்ட இடத்தில் தொழ முடியாது, அதனால் தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. இடம் சுத்தமான பிறகும் வாடை நின்றால், பாதி வினிகரும் பாதித் தண்ணீரும் கலந்து துடைத்து, ஃபேனைப் போட்டுக் காயவிடு. தொழுகை விரிப்பை அலசி வெயிலில் போடு, வேலை முடிந்ததும் சுருட்டி மேலே வை. தரைக்கு வெந்நீரும் கொஞ்சம் சோப்புத் தூளும், பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை. காய்கிற வரைக்கும் பிஸ்தாவை ஒரு அறையில் வைத்துக் கதவைச் சாத்து. பினாயில் வேண்டாம். கறுப்பும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம், எலுமிச்சை வாசம் என்று பச்சைப் பாட்டிலில் வருகிறதும் வேண்டாம். பினாயில் பாய் இப்படிச் சொல்கிறாரே என்று மலரைப் படிக்கிற மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர்களும் தொடர்ந்து படிக்கட்டும்.

உனக்கு ஒன்பது வயது. கீழே கார்கானா, மேலே வீடு, நடுவே இரும்பு ஏணி. இன்றைக்கும் அப்படித்தான், ஏறுகிற முட்டிதான் மாறிவிட்டது. அதனால்தான் பெருநாள் விருந்து இந்த வருஷம் லிஃப்ட் இருக்கிற உன் வீட்டுக்கு வருகிறது. அப்போது எலித் தொல்லை. எலி தோலைக் கடிக்கும், சொல்யூஷன் டப்பாவைக்கூட விடாது. ஒரு பையை முடித்து அடுக்கி வைத்தால் காலையில் வாரில் ஓட்டை இருக்கும். காதர் மாமாதான், நம் கட்டிங் மாஸ்டர், சயான் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஒரு குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். வெள்ளை உடம்பு, ஒரு காதில் மட்டும் பழுப்பு. நீதான் சீனி என்று பெயர் வைத்தாய். அது எலி பிடித்ததோ இல்லையோ, அதன் வாசத்துக்கே எலி வருவது நின்றது. பகலில் தையல் மெஷினுக்குக் கீழே, மாலையில் உன் மடியில். நீ ஸ்கூல் விட்டு வருகிற நேரத்தில் ஏணியின் மூன்றாவது படியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

அதற்கு முந்தின பெருநாளில் உன் உம்மா வழியில் ஒரு பெரியவர் விருந்துக்கு வந்திருந்தார். பத்துக்குப் பதினைந்து அறை, அந்தத் தரையில்தான் தொழுகை, அதில்தான் படுக்கை, அதில்தான் தாலத்தை வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பாடு. அவர் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி, "பூன வாட அடிக்கி" என்று சொல்லி எழுந்து ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தார். அவ்வளவுதான். வேறு யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. எனக்கோ அது மனதை விட்டுப் போகவில்லை. தோல் வாடையும் சொல்யூஷன் வாடையும் வருகிற வீடு என்று ஏற்கெனவே எனக்குள் ஒரு கூச்சம். அதில் இது சேர்ந்துகொண்டது. அடுத்த பெருநாளைக்கு எவனும் என் வீட்டில் மூக்கைச் சுளிக்கக் கூடாது என்று மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். எனக்குச் சுத்தம் என்றால் கண்ணுக்குத் தெரிவது இல்லை, மூக்குக்குத் தெரிவது. ஆஸ்பத்திரி மாதிரி வாசம் வந்தால் வீடு சுத்தம். என் வாப்பாவும் அப்படித்தான் நினைத்தார், நானும் அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் இருபத்தெட்டாம் நோன்பு. நீ முதல் தடவையாக முழு நோன்பு பிடித்த நாளும் அதுதான். ஸஹருக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றாமலே ஸ்கூலுக்குப் போனாய். நீ போனதும் நான் தரையைக் கழுவ உட்கார்ந்தேன். உம்மா செய்தால் எனக்குத் திருப்தி வராது. கறுப்புப் பினாயிலைத் தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும், பார்த்திருப்பாய். ஒரு வாளிக்கு ஒரு மூடி என்று டப்பாவில் போட்டிருந்தது. நான் அரை வாளித் தண்ணீரில் கால் டப்பாவைக் கவிழ்த்தேன். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, மறுபடி மேலே. உம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இம்புட்டு ஊத்தாதீய, கண்ணு எரியுது. பூனவேற அங்கயும் இங்கயும் நடந்துட்டுத் திரியி" என்றாள். "நோன்பு வாயோட என்னப் பேசவைக்காத" என்றேன். பலகணியைச் சாத்தினேன், வாசம் வெளியே போய்விடக் கூடாது என்று. சீனி ஈரத் தரையில் நடந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறி, மெஷினுக்குக் கீழே போய் உட்கார்ந்து கால்களை நக்கிக்கொண்டிருந்தது. பூனை கால் நக்குவதை யார் பெரிதாக எடுப்பார்கள்? நான் வேலையைப் பார்த்தேன்.

மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னாலேயே அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுக ஆரம்பித்தது. எழுந்து நிற்கப் பார்த்தது, பின்னங்கால் வழுக்கி விழுந்தது. காதர் மாமா அதைத் தூக்கி, பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கால் சிவந்து கிடந்தது. பை அடுக்குகிற அட்டைப் பெட்டி ஒன்றில் துணி விரித்து வைத்து, நானும் அவரும் டாக்ஸி பிடித்துப் பரேலில் இருக்கிற மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முதலில் அதன் காலை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஃபர்ஷ் பே க்யா டாலா?" என்றார். தரையில் என்ன ஊற்றினாய் என்று கேட்கிறார். பினாயில் என்றேன். எவ்வளவு என்றார். நான் பதில் சொல்லாமல், "நேத்து சாயங்காலம் என் பையன் அதுக்கு நோன்புக் கஞ்சி கொஞ்சம் கொடுத்தான் டாக்டர் சாப், அதனால இருக்குமா?" என்று இந்தியில் கேட்டேன். பார், அங்கேயே தொடங்கிவிட்டேன். எவ்வளவு கஞ்சி என்று கேட்டார். அரை அகப்பை இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நல்லதில்லை, இனிமேல் கொடுக்காதீர்கள், ஆனால் இது அதனால் வந்தது இல்லை, நக்கிய பினாயிலை வெளியே தள்ளுகிற சக்தி பூனை உடம்புக்குக் கிடையாது, இவ்வளவு போட்டால் தாங்காது என்றார். அவர் அதட்டவில்லை. ஊசி போட்டார், பாதங்களைக் கழுவினார். சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் சீனி செத்துப்போனது. உடலை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். காலிப் பெட்டியோடு வந்தோம். டாக்ஸியில் காதர் மாமா அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் அவர் வாசலில் பெட்டியோடு நின்றிருந்தார், டாக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கஞ்சி விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீயே முந்தின நாள் எல்லாரிடமும் சொன்னாய். பள்ளிவாசலிலிருந்து தூக்கில் வாங்கி வந்த கஞ்சியில் உன் பங்கிலிருந்து ஊற்றிவிட்டு, "சீனியும் நோன்பு தொறந்துட்டு" என்று சொல்லிச் சிரித்தாய். கார்கானாவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது நோன்பு திறக்க ஐந்து நிமிஷம் இருந்தது. கட்டிங் மேஜையைத் தள்ளிவிட்டு, பேப்பர் விரித்து, ஆட்கள் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் நோன்புக்காரன் என்று உன்னை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். உன் கையில் பேரீச்சம்பழம், முன்னால் கஞ்சிக் கோப்பை. உதடு காய்ந்திருந்தது. பெட்டியைப் பார்த்ததும், "வாப்பா, சீனி எங்க?" என்றாய். செத்துப்போச்சு என்றேன். "எதுனால?" என்றாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உம்மா ஏணியில் பாதி இறங்கி நின்றாள். நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை, மகனே. கேள்விதான் கேட்டேன். "நேத்து நீ கஞ்சி ஊத்துனல்ல? வெங்காயம் பூண்டெல்லாம் பூனைக்கு ஆகுமால?" அவ்வளவுதான் சொன்னேன். பொய்யைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை அது. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பிடித்த நோன்போடு அதைச் சொன்னேன். உடனே பாங்கு கேட்டது. எல்லாரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள். நீயும் போட்டாய், தண்ணீர் குடித்தாய். கஞ்சிக் கோப்பையைக் கையால் மெதுவாகத் தள்ளிவைத்தாய். அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, இப்போது அப்படி நினைத்து என்னைத் தேற்றிக்கொள்வதில் அர்த்தமில்லை.

உம்மா பினாயில் டப்பாவை எடுத்து ஏணிக்குக் கீழே வைத்துக்கொண்டே, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. மறுநாள், "புள்ளைட்ட சொல்லிருங்க, அது மொகத்தப் பாக்க முடியல" என்றாள். பெருநாள் முடியட்டும் என்றேன். பெருநாள் முடிந்ததும் பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சைகள் முடிந்து, நீ காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் முடிந்தது. அவளாகவே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று போன வாரம் கேட்டேன். "ஒங்க வாயால சொன்னாத்தான் அவனுக்கு ஆறும்" என்றாள். அவள் மேல் உனக்கு வருத்தம் வேண்டாம், அதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கு அதிகமாக வெட்கம் தருவது. அன்றோடு நான் பினாயிலை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. விட்டால் நீ ஏன் என்று யோசிப்பாய், காதர் மாமா யோசிப்பார் என்று பயந்தேன். அதனால் முன்னைவிட அதிகமாக ஊற்றிக் கழுவினேன். வீட்டைக் கழுவினேன், கார்கானா வாசலைக் கழுவினேன், ஜமாத் கூடத்தைக் கழுவினேன். பெயர் அப்படித்தான் வந்தது. வாசலில் அந்த வாசம் வருகிறபோதெல்லாம் ஆட்கள் என்னை மெச்சினார்கள். நம் வீட்டுக்கு வேறு பூனை வரவே இல்லை, நீ கேட்கவும் இல்லை. எலிக்குப் பொறி வைத்தோம். நோன்பு மாதம் முழுக்க உன் கோப்பைக் கஞ்சி அப்படியே இருக்கும். "இவனுக்குக் கஞ்சி பிடிக்காது" என்று விருந்தாளிகளிடம் நானே சொல்லியிருக்கிறேன். அந்த வயதுக்கு முன்னால் நீ இரண்டு கோப்பை குடித்துவிட்டு மூன்றாவதுக்குத் தூக்கைத் திறந்து பார்ப்பாய் என்பது எனக்கு மறந்ததே இல்லை.

அன்றைக்கு ஒரு கஞ்சிக் கோப்பையோடு முடிந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் கை ஆகாது என்று நீ உன் பெண்டாட்டியிடம் சொல்கிற அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது என்று ரிஸ்வானா சொல்லித்தான் தெரிந்தது. நாளைக்கு உங்களுக்குப் பிள்ளை பிறந்தால், அதற்கு ஒரு வாய் ஊட்டவும் நீ யோசிப்பாயோ என்று நினைத்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். சீனியைக் கொன்றது நீ இல்லை. நான். உன் கையில் எந்தக் குறையும் இல்லை. உன் பங்கிலிருந்து எடுத்து அதற்குக் கொடுத்தாய், அதில் தப்பில்லை, அது கொடுக்கக் கூடாத பண்டம் என்று ஒன்பது வயதில் உனக்குத் தெரிய வழியில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உடனே மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

இதை ஏன் போனில் சொல்லாமல் மலரில் போடுகிறேன் என்று தொடக்கத்தில் ஒரு கேள்வி வைத்தேன். அன்று எட்டுப் பேர் முன்னால் உன் மேல் பழியைப் போட்டேன். அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், ஒருவர் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். மற்ற ஐந்து பேரும் இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள், பெருநாள் மலர் அவர்கள் வீட்டுக்கெல்லாம் போகும். ஆட்கள் முன்னால் சொன்னதை ஆட்கள் இல்லாமல் திருப்பி எடுத்தால் அது முழுதாகத் திரும்பாது என்று எனக்குப் பட்டது. எழுதியதை மலர்க் குழுப் பையனிடம் கொடுத்தபோது அவன் நின்றபடியே படித்துவிட்டு, "பாய், இத அப்டியே போடவா?" என்று கேட்டான். போடு என்றேன். காதர் மாமாவுக்கு மட்டும் முன்னாலேயே படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும் மொதலாளி. அது கால நாந்தானே பாத்தேன்" என்றார். இத்தனை வருஷம் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்துதான் தோல் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

பெருநாள் அன்று செய்ய வேண்டியதையும் சொல்லி முடிக்கிறேன். ஆட்கள் வந்து போகிற நாளில் வாசல் கதவு திறந்தே கிடக்கும், பூனை வெளியே ஓடினால் வாஷியில் எங்கே தேடுவது. அதனால் காலையிலிருந்தே பிஸ்தாவை உள் அறையில் வை. அதன் தட்டு, தண்ணீர், உன் பழைய பனியன் ஒன்று, எல்லாம் உள்ளே இருக்கட்டும். கதவில் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டு, பிள்ளைகள் திறந்துவிடுவார்கள். பிரியாணி எலும்பையும் வெங்காயத் தயிரையும் மூடி இருக்கிற டப்பாவில் போட்டு, டப்பா நிறைய விடாமல் கீழே அனுப்பு. அத்தரைச் சட்டையில் பூசிக்கொள், வீட்டில் தெளிக்காதே. சாம்பிராணியும் அன்று வேண்டாம். உன் உம்மா வழிப் பெரியவர் இப்போதும் நல்லபடியாக இருக்கிறார், அவரும் வருவார். பூனை வாடை அடிக்கிறது என்று சொன்னால் சொல்லட்டும். ஆமா, எங்க வீட்டுல பூன இருக்கு என்று நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசி நோன்பன்று அஸருக்கெல்லாம் நாங்கள் உன் வீட்டுக்கு வந்துவிடுவோம். கார்கானாவில் மிச்சமிருந்த பினாயிலையெல்லாம் கொட்டிவிட்டேன், டப்பாக்களைப் பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரன் எடுத்துப் போய்விட்டான். நான் ஒரு வாளியும் இரண்டு துணியும் மட்டும் கொண்டுவருகிறேன். உன் வீட்டுத் தரையை நான் துடைக்கிறேன், வெறும் வெந்நீரால். நீ தடுக்காதே. உம்மா தூக்கில் கஞ்சி கொண்டுவருவாள். பாங்கு சொன்னதும் உனக்கு முடிந்தால் ஒரு கோப்பை குடி, முடியாவிட்டால் தள்ளிவை, நான் யாரிடமும் உனக்குக் கஞ்சி பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு தரை காய்ந்திருக்கும். பிஸ்தாவை வெளியே விட்டு, அதன் கிண்ணத்தில் சாப்பாட்டை நீ உன் கையால் வை. அது சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன்.